பிள்ளைக்காம்பராவும் சம்பளப் பேச்சும்

(திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழும் மலையக வம்சாவளிக் குடும்பங்களும், மலையிலிருந்து வந்த தோட்டத் தலைவர்மாரும், மாதர் அணியினரும் கலந்துகொண்ட கூட்டத்தில், முன்பள்ளி ஆசிரியைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் சகோதரி ஒருவர் ஆற்றிய உரை. பேசியபடியே தருகிறோம்.)



மலையிலிருந்து வந்தவர்கள் நேற்றுக் கோணேசர் கோயிலும் கன்னியா வெந்நீர்க் கிணறும் பார்த்துவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். நேரம் இருந்தால் சீனக்குடாப் பக்கமும் ஒருதரம் போய்ப் பாருங்கள். கப்பல் வந்து நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் வானத்துக்கும் பூமிக்கும் எழுந்த தானியக் களஞ்சியங்கள் தெரியும். அதுதான் பிறீமா மா ஆலை. 1980இல் ஓடத் தொடங்கியது. ஒரே இடத்தில் அமைந்த மா ஆலைகளில் உலகத்திலேயே பெரியவற்றில் ஒன்று என்று சொல்கிறார்கள். வெளிநாட்டுக் கோதுமை அங்கே இறங்கி, அரைபட்டு, மூட்டையாகி மலைக்கு ஏறுகிறது. விடியற்காலையில் அடுப்பு மூட்டி நீங்கள் தட்டுகிற ரொட்டி இருக்கிறதே, பெரட்டுக்குப் போகுமுன் ஒன்றும் மலையில் வைத்துச் சாப்பிட ஒன்றும் என்று கட்டிக்கொண்டு போகிற ரொட்டி, அதில் பெரும் பங்கு இந்தத் துறைமுகத்தில் பிறந்தது.

நீங்கள் அனுப்பிய தேயிலையை உலகம் குடிக்கிறது. உலகத்தின் கோதுமையை நீங்கள் சாப்பிடுகிறீர்கள். வியாபாரம் என்று பார்த்தால் சரிதான். ஆனால் அந்த ரொட்டியிலும் அந்தத் தேத்தண்ணியிலும் வளருகிற ஒன்றரை வயதுப் பிள்ளையின் கணக்கை யாரும் எழுதவில்லை. அதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

முதலில் இரண்டு மூன்று இலக்கம் சொல்கிறேன். இலக்கம் கேட்டால் நித்திரை வரும், தெரியும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். 2016இல் அரசாங்கம் எடுத்த குடித்தொகை சுகாதார மதிப்பாய்வில், ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 100க்கு 17 பேர். தோட்டத்தில் 100க்கு 32 பேர். அதற்குப் பத்து வருடம் முந்திய மதிப்பாய்வில் தோட்டத்தில் 40 பேர். ஆகக் குறைந்திருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் மூன்று பிள்ளைக்கு ஒரு பிள்ளை. 2019இல் எடுத்த வீட்டு வருமானக் கணக்கில் நாட்டில் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தவர்கள் 14.3 வீதம், தோட்டத்தில் 33.8 வீதம். இரண்டு கணக்கிலும் மூன்றில் ஒன்று. அது தற்செயல் இல்லை. அதற்குப் பிறகு 2022 வந்தது. செப்டெம்பரில் உணவுப் பொருள் விலை முந்திய வருடத்தைவிட 95 வீதம் கூடியிருந்தது. அந்த வருடம் வயிற்றில் இருந்த பிள்ளைகள் இப்போதுதான் முன்பள்ளிப் பையைத் தோளில் மாட்டியிருக்கிறார்கள்.

“உயரம் குறைந்தால் என்ன, எங்கள் பரம்பரையே கட்டைதான்” என்று ஒரு அப்பா என்னிடம் சொன்னார். நிறைய வீட்டில் இப்படித்தான் சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் உயரம் என்பது வெளியே தெரிகிற அடையாளம் மட்டும்தான். பிறக்கும்போது பிள்ளையின் மூளை பெரிய ஆளின் மூளையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. இரண்டு வயது முடியும்போது முக்கால் பங்கைத் தாண்டிவிடுகிறது. கால் எலும்பு நீளுவதற்கு வேண்டிய சாப்பாடு கிடைக்காத அதே மாதங்களில்தான் மூளையும் சாப்பாடு கேட்டு நிற்கிறது. தாயின் வயிற்றில் இருக்கும் ஒன்பது மாதமும் பிறந்த பின் இரண்டு வருடமும் சேர்த்தால் ஆயிரம் நாள். மருத்துவர்கள் அந்த ஆயிரம் நாளைத்தான் விரலை மடக்கிச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலுக்கு ஓடுகிறோம், டியூஷனுக்குக் காசு தேடுகிறோம். தேடுங்கள். ஆனால் அந்த வகுப்பில் உட்காரும் மூளையில் பெரும் பகுதி, பிள்ளைக்காம்பராவில் சேலைத் தொட்டிலில் கிடந்தபோதே கட்டி முடிந்துவிட்டது.

இப்போது தேத்தண்ணி விசயத்துக்கு வருகிறேன். கோபிக்க வேண்டாம். உங்கள் கையால் வளர்ந்த இலையைப் பற்றிக் குறை சொல்ல நான் யார்? பெரியவர்கள் எவ்வளவும் குடியுங்கள். ஆனால் தேயிலையில் இருக்கிற துவர்ப்பு, சோற்றிலும் கீரையிலும் பருப்பிலும் இருக்கிற இரும்புச் சத்தைப் பிடித்துக் கட்டிவிடும். உடம்புக்குள் ஏற விடாது. ரொட்டியைத் தேத்தண்ணியில் நனைத்துப் பிள்ளைக்கு ஊட்டுகிறோம். மிருதுவாக இருக்கும், பிள்ளை சட்டென்று விழுங்கும், வயிறு நிறையும், அழாது. வேலைக்குப் போகிற அவசரத்தில் அதைவிட லேசான வழி இல்லை. ஆனால் ரொட்டியில் இரும்பு குறைவு, அந்தக் குறைவிலும் பாதியைத் தேத்தண்ணி தின்றுவிடும். இரத்தம் குறைந்த பிள்ளை எப்படி இருக்கும்? குழப்படி செய்யாது. ஒரு மூலையில் இருக்கச் சொன்னால் இருக்கும். “எங்கள் பிள்ளை தங்கம், சத்தமே இல்லை” என்போம். ஒரு வயதுப் பிள்ளை சத்தம் போடாமல் இருக்கிறதென்றால் நான் முதலில் கண் இமையைக் கீழே இழுத்துச் சிவப்பாக இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன்.

அதற்குப் பதில் என்ன கொடுப்பது என்று கேட்பீர்கள். முட்டை, இறைச்சி, பால் என்று பட்டியல் போட்டுவிட்டுப் போவது எனக்குச் சுகம், காசு நீங்கள்தான் கொடுக்க வேண்டும். ஆகவே இந்தத் திருகோணமலையிலிருந்தே ஒரு பொருள் சொல்கிறேன். நெத்தலி. இங்கே கரையில் காய்ந்து மலைக்குக் கருவாடாக வருகிறது. பெரிய மீன் துண்டைவிடப் பிள்ளைக்கு இந்தச் சின்ன மீன் நல்லது, முள்ளோடு சாப்பிடலாம் என்பதால். உப்புப் போகத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, காயவைத்து, வறுத்து, தூளாக இடித்து ஒரு போத்தலில் வைத்துக்கொள்ளுங்கள். குழைத்த சோற்றில் ஒரு தேக்கரண்டி. பக்கத்தில் பருப்போ வல்லாரையோ முருங்கைக் கீரையோ இருந்தால், நாலு சொட்டுத் தேசிக்காய்ப் புளி. அந்தப் புளி இரும்பை உள்ளே ஏற்றும். தேத்தண்ணி செய்வதற்கு நேர் எதிரான வேலை அது. தேத்தண்ணி ஐந்து வயது வரைக்கும் வேண்டாம்.

திரிபோஷாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1973இலிருந்து இந்த நாட்டில் கொடுக்கிறார்கள். சோளமும் சோயாவும் சேர்ந்த மா. நிறை குறைந்த பிள்ளைக்கு மாதம் 750 கிராம் பைக்கற் இரண்டு. கணக்குப் போடுங்கள், ஒரு நாளைக்கு 50 கிராம். அது ஒரு பிள்ளைக்கு அளந்த மருந்து மாதிரி. வீட்டில் நாலு பிள்ளை இருந்தால் என்ன நடக்கிறது? சீனியும் தேங்காய்ப் பூவும் போட்டு உருண்டை பிடித்து நாலு பேருக்கும் பங்கு. ஒரு வாரத்தில் பைக்கற் காலி. எந்தத் தாய்தான் மூன்று பிள்ளையை வாய் பார்க்க வைத்துவிட்டு ஒரு பிள்ளைக்கு ஊட்டுவாள்? அவளைக் குறை சொல்லி ஒரு சுவரொட்டி ஒட்டுவதால் பிரயோசனம் இல்லை. வீட்டில் பிரிந்துபோகிற உணவு பிள்ளைக்காம்பராவில் பிரியாது. அங்கே வைத்து, ஆயம்மா கையால், பகல் பத்து மணிக்கு ஊட்டினால் அந்தப் பிள்ளையின் வயிற்றுக்குத்தான் போகும். அதனால்தான் எதைத் தொடங்கினாலும் நான் பிள்ளைக்காம்பராவில் வந்து நிற்கிறேன்.

பிள்ளைக்காம்பராவைத் துரைமார் தர்மத்துக்குக் கட்டவில்லை. கைப்பிள்ளைக்காரி கொழுந்துக்கு வராவிட்டால் மலை முற்றிப்போகும். தாயின் இரண்டு கையும் வேண்டும் என்றால் பிள்ளையை எங்கேயாவது வைக்க வேண்டும். அதற்குத்தான் ஒரு மடுவம், ஒரு கிழவி, சில தொட்டில். பிள்ளை சாகாமல் இருந்தால் போதும் என்பதுதான் அன்றைய எண்ணம். இன்று பல இடத்தில் அதற்குச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர். 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போனபோது தொடங்கிய நிதியம், பிறகு பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என்று பெயர் மாறி, பயிற்சி கொடுத்த உத்தியோகத்தர்களை வைத்தது. 2015க்குப் பிறகு உலக வங்கிக் கடனில் சில தோட்டங்களில் புதுக் கட்டடமும் வந்தது. நல்ல நிலையம் உள்ள தோட்டத்தில் சுவரில் படம் இருக்கிறது, விளையாட்டுச் சாமான் இருக்கிறது, ஆயம்மா பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறார். பக்கத்துத் தோட்டத்துக்குப் போனால் தகரக் கொட்டில், புகை, தண்ணீர்க் குழாய் உடைந்து கிடக்கிறது. ஒரே மலை, ஒரே இலை. பிள்ளைக்கு மட்டும் எந்த டிவிசனில் பிறந்தது என்பதில்தான் அதிர்ஷ்டம்.

இங்கே உட்கார்ந்திருக்கிற திருகோணமலைக்காரர் சிலர் சிரிக்கிறீர்கள். “எங்களுக்கு அந்தத் தகரக் கொட்டில்கூட இல்லை” என்று. உண்மைதான். உங்கள் அப்பா அம்மா, என் அப்பா அம்மாவும், மலையை விட்டு இறங்கி வந்தவர்கள். 1973, 74 பஞ்சத்தில் தோட்டத்தில் மரவள்ளிக் கிழங்கும் கிடைக்காமல் ஆட்கள் செத்தபோது சிலர் வந்தார்கள். 77 கலவரத்தில் லயம் எரிந்து சிலர் வந்தார்கள். 83க்குப் பிறகும் வந்தார்கள். இங்கே காடு வெட்டி, செங்கல் அறுத்து, மூட்டை சுமந்து, மீன் வாடியில் கூலி செய்து குடியேறினார்கள். லயத்தின் கட்டுப்பாடு போனது, நல்லது. அதோடு பிள்ளைக்காம்பராவும் போனது. நாட்கூலிக்குப் போகும் தாய்க்கு இங்கே எந்த முதலாளியும் தொட்டில் கட்டித் தருவதில்லை. என்ன செய்தோம்? பத்து வயது அக்காவைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தித் தம்பியைப் பார்க்க விட்டோம். ஒரு பிள்ளையைக் காப்பாற்ற இன்னொரு பிள்ளையின் படிப்பை விற்றோம். அது பழைய கதை என்று நினைக்காதீர்கள். போன மாதம் நான் போன குடியிருப்பில் காலை பத்து மணிக்கு இடுப்பில் குழந்தையோடு நின்றது பன்னிரண்டு வயதுப் பிள்ளை. கேட்டால் “இன்றைக்கு மட்டும் போகவில்லை ரீச்சர்” என்று சொன்னது.

அந்தக் காலத்தில் இதைச் சரியாகப் புரிந்துகொண்ட இரண்டு பேரை நான் இங்கே சொல்லாமல் விட மாட்டேன். வைத்தியர் ராஜசுந்தரம், கட்டடக் கலைஞர் டேவிட் ஐயா. 1970களின் பிற்பகுதியில் அவர்கள் தொடங்கியது காந்தியம். மலையிலிருந்து அடிபட்டு வந்த குடும்பங்களை வவுனியாவிலும் திருகோணமலையிலும் குடியமர்த்தினார்கள். காணியும் விதையும் கொடுத்ததைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அவர்கள் போன கிராமத்தில் எல்லாம் ஒரு பாலர் பள்ளியும் தொடங்கினார்கள் என்பதை மறந்துவிடுகிறோம். ஓலைக் கொட்டில்தான். கிராமத்துப் பெண் பிள்ளைகளையே எடுத்துப் பயிற்சி கொடுத்து ஆசிரியையாக்கினார்கள். பாட்டும் கதையும், கூடவே பாலும் திரிபோஷாவும். நூற்றுக்கணக்கான பள்ளிகள். அகதியாக வந்த சனத்துக்கு முதல் தேவை கூரையா பாலர் பள்ளியா என்று கேட்டால் நாங்கள் கூரை என்போம். அவர்கள் இரண்டையும் ஒன்றாகச் செய்தார்கள். 1983 ஏப்ரலில் இருவரையும் பிடித்தார்கள். ஜூலை 27 வெலிக்கடைச் சிறைப் படுகொலையில் வைத்தியர் ராஜசுந்தரம் கொல்லப்பட்டார். இயக்கமும் முடிந்தது. அந்தக் கொட்டில்களில் படிப்பித்த பெண்களில் சிலர் இன்று பேரப்பிள்ளை கண்டுவிட்டார்கள். இந்தச் சபையிலும் ஒருவர் இருக்கிறார், பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

“பாட்டும் கதையும் என்ன பெரிய படிப்பு?” இதற்கும் பதில் இருக்கிறது. ஜமைக்கா என்று ஒரு தீவு, கிரிக்கெட்டால் தெரியும். அதுவும் நம்மைப் போலத் தோட்டத்துக்காகக் கப்பலில் ஏற்றி வந்த சனத்தின் நாடு, அங்கே கரும்பு. 1986, 87இல் கிங்ஸ்டன் நகரத்து ஏழைக் குடியிருப்புகளில் வளர்ச்சி குன்றிய 129 பிள்ளைகளை சாலி கிரந்தம்-மக்கிரகர் என்ற வைத்தியரும் கூட்டாளிகளும் தெரிந்தெடுத்தார்கள். எல்லாம் ஒன்பது மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடைப்பட்டவை. சில பிள்ளைக்குப் பால்மா கொடுத்தார்கள். சில பிள்ளை வீட்டுக்கு வாரம் ஒரு தடவை, ஒரு மணி நேரம், சுகாதார உதவியாளர் ஒருவர் போனார். சிலருக்கு இரண்டும். சிலருக்கு ஒன்றும் இல்லை. போனவர் செய்தது என்ன? வெற்றுப் போத்தல், மூடி, மட்டை, துணி இவற்றில் செய்த விளையாட்டுச் சாமானைத் தாயிடம் கொடுத்து, பிள்ளையோடு எப்படிப் பேசி விளையாடுவது என்று காட்டினார். இரண்டு வருடம். அவ்வளவுதான். இருபது வருடம் கழித்துத் தேடிப் போய்ப் பார்த்தார்கள். விளையாட்டுக் காட்டப்பட்ட பிள்ளைகள் வளர்ந்து, மற்றவர்களைவிட 25 வீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். இருபத்தைந்து வீதம்! ஒரு சம்பள உயர்வுக்கு எத்தனை மாதம் வீதியில் நிற்கிறோம் என்று உங்களுக்குத் தெரியும். பால்மா மட்டும் கொடுத்த பிள்ளைகளுக்கு அந்தப் பலன் அவ்வளவு தூரம் நிலைக்கவில்லை. ஆகச் சாப்பாடு தேவை, பேச்சும் தேவை. ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்க விடக்கூடாது.

பேச்சுக்குக் காசு இல்லை என்று சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில், எட்டு மணி நேரம் மழையில் நனைந்து மலையேறி இறங்கி வந்தவள், தண்ணீர் எடுத்து, விறகு பொறுக்கி, சமைத்து முடிக்கும்போது அவளிடம் மிச்சம் இருப்பது “சும்மா இரு”, “வாயை மூடு” என்ற இரண்டு வார்த்தைதான். வறுமை பறிப்பதில் அதுவும் ஒன்று, பேசுகிற தெம்பு. ஆண்கள் பக்கமும் திரும்பிப் பார்க்கிறேன். கொழுந்து மடுவத்திலிருந்து நேராகத் தவறணைக்குப் போகாத நாளில் ஒரு கால் மணி நேரம் பிள்ளையை மடியில் வைத்துக் கதை சொல்லலாம். காமன் கூத்து, பொன்னர் சங்கர் என்று விடிய விடிய ஆடுகிற சனம் நாம். கதைக்கா பஞ்சம்?

முன்பள்ளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கே ஊரில் எல்லோரும் மொண்டிசோரி என்கிறோம். அந்த அம்மா, மரியா மொண்டிசோரி, 1944இல் இலங்கைக்கே வந்து பயிற்சி கொடுத்தார். அவர் முதல் பள்ளியை எங்கே தொடங்கினார் தெரியுமா? 1907இல் ரோமாபுரியில், சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில். பெற்றோர் வேலைக்குப் போன பிறகு மாடிப்படியில் ஓடித் திரிந்து சுவரைப் பாழாக்கிய பிள்ளைகளை ஓர் இடத்தில் வைத்துக்கொள்ளத்தான் கட்டடக்காரர்கள் அவரைக் கூப்பிட்டார்கள். அதாவது அது ஒரு பிள்ளைக்காம்பரா! அந்தப் பெயரை இன்று நகரத்தில் மாதக் கட்டணம் வாங்கும் பள்ளிகள் பலகையில் எழுதி வைத்திருக்கின்றன.

நம்முடைய முன்பள்ளிகளிலும் கொஞ்சம் கூத்து நடக்கிறது. மூன்று வயதுப் பிள்ளையின் கையில் பென்சிலைத் திணித்து ஏ, பி, சி எழுதச் சொல்கிறார்கள். விரல் எலும்பு முற்றவில்லை. பெற்றோருக்குக் கொப்பி நிறைந்திருந்தால்தான் திருப்தி. வருடக் கடைசியில் இசை நிகழ்ச்சி, அதற்கு ஓர் உடுப்பு. பிறகு பட்டமளிப்பு! ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கறுத்த அங்கி, தலையில் சதுரத் தொப்பி, படம் பிடிக்க ஒரு தொகை. நாட்கூலிக்காரத் தாய் அதற்காக நகை அடகு வைக்கிறாள். வைக்க நகை இல்லாதவள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லி அந்தக் கிழமை முழுக்க வீட்டில் நிறுத்துகிறாள். அந்தப் பிள்ளை படிக்கிற முதல் பாடம் அதுதான். ஆசிரியைமாரை மட்டும் ஏசியும் வேலை இல்லை. அவர்களுக்குக் கிடைக்கிற மாதப் படியைச் சொன்னால் மலையில் யாரும் நம்ப மாட்டீர்கள். கொழுந்தெடுப்பவர் ஒரு மாதத்தில் எடுப்பதில் சிறு பங்குதான் பலருக்கு. நாட்டின் இலவசக் கல்வி முதலாம் வகுப்பில்தான் தொடங்குகிறது. அதற்கு முந்திய வருடங்கள் கடையில் வாங்கும் சாமானாக இருக்கின்றன. இலவசக் கல்வி 1940களில் வந்தபோது தோட்டப் பள்ளிக்கூடம் அதற்கு வெளியே நின்றது, 70களின் பிற்பகுதியில்தான் அரசாங்கம் எடுத்தது. முப்பது வருடம் வாசலில் நின்ற சனத்துக்கு இது புதிதல்ல. ஆனால் இந்த முறையும் முப்பது வருடம் நிற்கக்கூடாது.

சட்டத்தைச் சொல்லி முடிக்கிறேன், இதைத் தலைவர்மார் எழுதிக்கொள்ளுங்கள். 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம். 2018இல் திருத்தினார்கள். முன்பு மூன்றாம் பிள்ளையிலிருந்து 42 நாள்தான். இப்போது எத்தனையாவது பிள்ளை என்றாலும் 84 நாள். பன்னிரண்டு வாரம், அதில் இரண்டு வாரம் பிரசவத்துக்கு முன். அதாவது பிள்ளைக்குப் பத்து வாரம் ஆகும்போது தாய் மலைக்குப் போகிறாள். அதே அரசாங்கத்தின் மருத்துவமாது வந்து ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடு என்கிறார். ஆறு மாதம் என்றால் 26 வாரம். நடுவில் உள்ள 16 வாரத்துக்கு யார் பொறுப்பு? சட்டம் ஒரு பதில் வைத்திருக்கிறது. ஒரு வயதுக்குக் கீழே பிள்ளை உள்ள தாய்க்கு வேலை நேரத்தில் இரண்டு தடவை பாலூட்டும் நேரம் கொடுக்க வேண்டும். பிள்ளைக்காம்பரா இருந்தால் தடவைக்கு அரை மணி, இல்லாவிட்டால் தடவைக்கு ஒரு மணி. வழக்கமான சாப்பாட்டு நேரத்தைத் தவிர்த்து, வேலை நேரமாகக் கணக்கிட்டு.

நடப்பது என்ன? தாய் நிற்கிற மலை ஓரிடம், பிள்ளைக்காம்பரா இரண்டு மைலுக்கு அப்பால் பக்டரிக்குப் பக்கத்தில். போய் வரவே ஒரு மணி. கொழுந்து குறைந்தால் அரைப்பேர் போட்டுவிடுவார்கள் என்ற பயம். மார்பு கட்டி வலிக்க, பாலைத் தேயிலைச் செடிக்கடியில் பீய்ச்சிவிட்டு வேலை பார்க்கிற பெண்கள் இந்தச் சபையில் இருக்கிறீர்கள். தலையாட்டுகிறீர்கள்.

2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானி வந்தது. அதற்கு முன் ஆயிரம் ரூபாவுக்குப் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். நான் கேட்ட மேடையெல்லாம் அந்த ஒரு இலக்கத்தைத்தான் பேசின. பேச வேண்டியதுதான், சம்பளம் இல்லாமல் முட்டை இல்லை. ஆனால் பாலூட்டும் நேரத்தில் எடுக்காத கொழுந்தைக் கிலோக் கணக்கில் கழிக்கக்கூடாது என்ற ஒரு வரி பேச்சுவார்த்தைக் கடிதத்தில் வர வேண்டும். அதற்குக் கம்பனிக்கு ஆகிற செலவு சொற்பம். கேட்காததால்தான் இல்லை.

இன்னொன்று அவசரம். பல கம்பனிகள் தேயிலைக் காணியைத் துண்டு துண்டாகக் குடும்பத்துக்குப் பிரித்துக் கொடுத்து, கொழுந்தைக் கிலோவுக்கு வாங்கும் முறைக்கு மாறுகின்றன. சிலருக்கு அதில் கையில் வரும் காசு கூடலாம். அதைப் பற்றி உங்களுக்குள் இரண்டு கருத்து இருக்கிறது, நான் நடுவில் வரவில்லை. நான் கேட்பது இதுதான்: அந்த ஒப்பந்தத்தில் நீங்கள் தொழிலாளி இல்லை, கொழுந்து விற்பவர் என்று எழுதினால், ஆயம்மாவின் சம்பளத்தை யார் கொடுப்பது? பிள்ளைக்காம்பராவின் கூரையை யார் மாற்றுவது? நாங்கள் திருகோணமலைக்கு வந்து இழந்ததை நீங்கள் மலையில் இருந்துகொண்டே இழக்கப் போகிறீர்கள். கையெழுத்துப் போடுமுன் அந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

இந்திய ஒப்பந்தத்தில் 64க்குப் பிறகு கூடலூர், கோத்தகிரிப் பக்கம் போன சொந்தக்காரர் பலருக்கு உண்டு. கேட்டுப் பாருங்கள். அங்கே 1951இன் தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே பிள்ளைக் காப்பகத்தைக் கட்டாயமாக்கினார்கள். அது போக, அரசாங்கத்தின் அங்கன்வாடி இருக்கிறது. தமிழ்நாட்டில் 1982 ஜூலையில் சத்துணவு தொடங்கியபோது இரண்டு வயதுப் பிள்ளையிலிருந்தே சோறு போட்டார்கள். அங்கேயும் குறை ஆயிரம் உண்டு. ஆனால் பிள்ளைக்குச் சாப்பாடு போடுவது துரையின் வேலை மட்டும் இல்லை, அரசாங்கத்தின் வேலை என்பது அங்கே நிலைத்துவிட்டது. இங்கே தெரிந்தெடுத்த முன்பள்ளிகளுக்குக் காலை உணவு வருகிறது. தெரிந்தெடுக்காத பிள்ளைக்கும் பசிக்கும்.

கடைசியாக ஒரு வேலை. ஒவ்வொரு பிள்ளைக்கும் கிளினிக்கில் தந்த வளர்ச்சிப் பதிவேடு வீட்டில் இருக்கும். கரப்பான் தின்னாமல் பெட்டிக்கடியில் வைத்திருப்பீர்கள். அதை எடுத்து, கடைசியாக நிறை பார்த்த புள்ளி எந்த நிறத்தில் விழுந்திருக்கிறது என்று பாருங்கள். பச்சையா, செம்மஞ்சளா, சிவப்பா. ஒரு புள்ளியை மட்டும் பார்க்காதீர்கள், மூன்று மாதக் கோடு ஏறுகிறதா, படுத்துக் கிடக்கிறதா என்று பாருங்கள். மாதர் அணித் தலைவிமார் அந்தந்த டிவிசனில் பச்சைக்குக் கீழே எத்தனை பிள்ளை என்று எண்ணி, பெயர் வேண்டாம், எண்ணிக்கை மட்டும், ஒரு தாளில் எழுதி அடுத்த மாவட்டக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். பிள்ளைக்காம்பராவில் தண்ணீர் வருகிறதா, கக்கூசு இருக்கிறதா, எத்தனை பிள்ளைக்கு எத்தனை ஆயம்மா என்பதையும் எழுதுங்கள். இங்கே உள்ளவர்கள் வேலைக்குப் போகும் தாய்மாரின் எண்ணிக்கையையும், ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளின் எண்ணிக்கையையும் குடியிருப்பு வாரியாக எடுங்கள். பிரதேச சபையிடம் பகல்நேரப் பராமரிப்பு நிலையம் கேட்கப் போகும்போது கையில் அது வேண்டும்.

தாள்கள் வாசலில் மேசையில் இருக்கின்றன. எழுதத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் இருக்கும் பிள்ளைகள் எழுதித் தருவார்கள். சாப்பாட்டுக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது என்றார்கள். கேள்வி இருந்தால் கேளுங்கள், முதலில் பின்வரிசையில் இருக்கிற அம்மாமார்.